நாற்பத்தோராவது நிமிடத்துச் சிரிப்பு

எங்கள் இயக்குநருக்குத் தொழில் வட்டாரத்தில் 'குடும்பம்' என்று பட்டப்பெயர். ஒன்பது படம் எடுத்திருக்கிறார். ஒன்பதும் ஒரே படம். அப்பா அசடு, அம்மா கெட்டிக்காரி, மாமனார் குறட்டை விடுவார், கடைசியில் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அரைத்த மாவையே அரைக்கிறார் என்பார்கள். இவர் முதல் தடவை அரைத்ததே புளித்த மாவு. ஒன்பதையும் வெட்டி ஒட்டிய எடிட்டர் என்பதால் எனக்குத் தெரியும். "குடும்பம்தாங்க எனக்கு உசுரு" என்று பேட்டி கொடுக்கிற இந்த மனிதர், பெற்ற மகனோடு பேசி நான்கு வருடம் ஆகிறது.

படங்கள் படுத்துக்கொண்டதும் மேடைச் சிரிப்பு நிகழ்ச்சிகள் பக்கம் ஒதுங்கினார். ஒருவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவான், ஏழு கேமரா அவனைப் படம்பிடிக்கும். இதில் இயக்குநருக்கு என்ன வேலை என்று என்னைக் கேட்காதீர்கள். இவர் செய்கிற ஒரே வேலை, நிகழ்ச்சி தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே வந்தவர்களைச் சிரிக்கச் சொல்லி எடுத்து வைத்துக்கொள்வதுதான். "சும்மா சிரிங்க! பக்கத்துல இருக்கறவங்களப் பாத்து சிரிங்க!" என்று கத்துவார். கூலி கொடுத்துக் கூட்டி வந்ததுபோல அவர்களும் சிரிப்பார்கள். பிறகு மேடையில் எந்த ஜோக் செத்து விழுகிறதோ, அங்கே அந்தச் சிரிப்பை எடுத்து ஒட்டுவது என் வேலை.

இந்த முறை மேடையேறியவன் பெரிய வாய்க்காரன். நாற்பத்தோராவது நிமிடத்தில் தன் மகளைப் பேச்சுக்குள் இழுத்தான். பதினொரு வயதுப் பெண், பேச்சு திக்கும். போனில் யாரோ பெயர் கேட்க, அவள் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் வைத்துவிட்டார்களாம். அதை வாயைக் கோணிக்கொண்டு இரண்டு நிமிடம் நடித்துக் காட்டினான். மகள் முன்வரிசையில், அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அரங்கம் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒருவன் களுக்கென்று ஆரம்பித்து, துணைக்கு ஆள் இல்லாமல் நிறுத்திக்கொண்டான். மூன்றாவது கேமராவில் அம்மாவின் முகம் கிடைத்தது. மகளின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்குப் பின்னால் இமை அசையாமல் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எடிட்டிங்கில் நான் அந்த முகத்தையே வைத்திருந்தேன்.

"யோவ், என்னய்யா மூஞ்சி இது? பால் திரிஞ்சிடும்யா!" என்றார் குடும்பம். "அம்மாவே சிரிக்கிறா, நமக்கென்னன்னு இருந்தாத்தான் பாக்கறவன் வாயத் தொறப்பான். முன்னாடி எடுத்ததுல அவ சிரிப்பு இருக்கும், தேடு."

இருந்தது. நிகழ்ச்சிக்கு முன்பு மகள் எக்கி அம்மாவின் காதில் ஏதோ சொல்கிறாள். சொல்லி முடிக்க நேரமாகிறது. அம்மா அவசரப்படுத்தாமல் தலையைச் சாய்த்துக் காத்திருக்கிறாள். முடிந்ததும் வெடித்துச் சிரிக்கிறாள். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் யாரும் கேட்டு வாங்காத ஒரே சிரிப்பு அதுதான்.

"பொண்ண வெட்டிட்டு அம்மாவ மட்டும் பெருசாக்கு."

"சார், அந்தப் பொண்ணு சொன்னதுக்குச் சிரிச்சது சார் அது."

"பாக்கறவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

அவர் போன சற்று நேரத்தில் அந்த அம்மாவே எடிட்டிங் அறைக்கு வந்தாள். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"அண்ணா, அந்த ஜோக்க எடுக்கச் சொல்லி வீட்ல கேட்டுப் பாத்துட்டேன். வாய் வலிச்சதுதான் மிச்சம். அது போகட்டும். முன்னாடி எடுத்த சிரிப்ப ஒட்டுவாங்கன்னு அவரு சொன்னாரு. ஆனா நான் சிரிக்கல, அண்ணா. என்னைக் காட்டினா அப்படியே காட்டுங்க. அவ பள்ளிக்கூடத்துல வாயே தொறக்கறதில்ல. என்கிட்ட மட்டும்தான் பேசறா. நானும் சிரிச்சேன்னு நெனச்சாள்னா அதுவும் நின்னுடும்."

"பாக்கறேம்மா" என்றேன். எங்கள் தொழிலில் முடியாது என்பதை மரியாதையாக அப்படித்தான் சொல்வோம். அவள் அதை நம்பிக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அவள் செருப்புச் சத்தம் படியில் அடங்குவதற்குள் மகளை வெட்டிவிட்டு அம்மாவைப் பெரிதாக்கினேன். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று இருக்கிறதே, அந்தப் பழமொழியில்தான் முப்பது வருடமாகக் குடியிருக்கிறேன்.

வெளியிடுவதற்கு முன் போட்டுப் பார்க்கிற நாள் வந்தது. பன்னிரண்டு நாற்காலி போட்ட சின்ன அறை. வாய்க்காரன் மனைவி மகளோடு வந்திருந்தான். குடும்பம் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நாற்பத்தோராவது நிமிடத்தில் அந்த அம்மா திரை முழுக்கச் சிரித்தாள். இருட்டில் நிஜமான அம்மா பாதி எழுந்துவிட்டாள்.

"நான் சிரிக்கலடி... சத்தியமா நான்..."

மகள் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அ... அம்மா, இது நா... நான் சொன்னதுக்கு நீ சி... சிரிச்சது."

அறைக்கே கேட்டது. வாய்க்காரன் செருப்பைக் குனிந்து சரிசெய்துகொண்டான், அது சரியாகத்தான் இருந்தது. குடும்பம் அவசரமாகப் போனை எடுத்து எதையோ தட்டினார். அழுகிறாரோ என்று ஒரு கணம் நினைத்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். மகள் சொன்ன வரியை எழுதிக்கொண்டிருந்தார்.

"அடுத்த படத்துக்குக் கிளைமாக்ஸ் கெடச்சிடுச்சுய்யா" என்று என் காதைக் கடித்தார். "தியேட்டரே அழும். என்ன, திக்காம பேசற பொண்ணாப் பாத்துப் போட்டுக்கணும்."

தூ என்று வந்தது. துப்பவில்லை, அந்த அறைக்கு நல்ல கம்பளம் போட்டிருந்தார்கள்.

முடிந்ததும் நடையில் நின்றிருந்தேன். மகள் நேராக என்னிடம் வந்தாள். அம்மா நாலடி தள்ளி நின்றாள். என்னைப் பார்க்கக்கூட இல்லை.

"எ... என்னை வெ... வெட்டினது நீங்களா, அங்கிள்?"

டைரக்டர் சொன்னார் என்பது நாக்கு நுனி வரை வந்தது. ஒன்பது படத்தில் அவரைப் பார்த்துச் சிரித்தவன், அவர் பணத்தில் வீடு கட்டியவன், முதுகுக்குப் பின்னால் மட்டும் வீரன். அவர் திருடுகிறார் என்றால் பூட்டை உடைத்துக் கொடுத்தவன் நான்.

"நான்தாம்மா."

அவள் இன்னொன்று கேட்க ஆரம்பித்தாள். வார்த்தை வர நேரமாயிற்று. திரையில் அவள் அம்மா காத்திருந்ததைப்போல நானும் காத்திருந்தேன்.

"அப்ப... ஒ... ஒட்டவும் தெரியும்ல?"

தெரியும். முடிந்த வேலையைக் குடும்பம் மறுபடி போட்டுப் பார்க்க மாட்டார். தன் படத்தைத் தானே முழுதாகப் பார்க்கிற பொறுமை அவருக்குக்கூடக் கிடையாது. எடிட்டிங் அறைக்குப் போனேன். பெரிதாக்கிய சிரிப்பை எடுத்தேன். பால் திரிய வைக்கிற அந்த முகத்தை, மடியில் இருந்த மகளின் கையோடு, இருந்த இடத்தில் வைத்தேன். ஒட்டுச் சிரிப்பின் சத்தத்தையும் நீக்கினேன். அரங்கம் வாயடைத்துப் போயிருந்தது பதினொரு வினாடி. அதில் ஒரு வினாடியைக்கூட வெட்டாமல் வெளியீட்டுக்கு அனுப்பினேன்.