பருந்து பார்க்க வந்த சனம்

ஆறு வருடமாக அட்டைப்பெட்டி மடிக்கிற மனிதனிடம், வா, வந்து நாலு பேருக்குப் பாடம் சொல்லு என்று யாராவது கேட்டால் அவனுக்குத் தலைகால் புரியாது. இராஜரட்ணம் மாஸ்டருக்கும் புரியவில்லை. யாழ்ப்பாணத்தில் பதினெட்டு வருடம் விலங்கியல் படிப்பித்தவர். புலம்பெயர்ந்து வந்த மார்க்கம் நகரத்துப் பெட்டித் தொழிற்சாலையில் அவரை ‘ராஜ்’ என்று கூப்பிட்டார்கள், அதுவும் பெட்டி குறைந்தால்தான் கூப்பிட்டார்கள்.

ஏரிக்கரைக் குன்றொன்றில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களைக் கூட்டிப்போய்ப் பறவை காட்டும் சங்கம் ஒன்று இருந்தது. மாஸ்டர் இரண்டு வருடமாகத் தனியே போய், பின்வரிசையில் வாயைத் திறக்காமல் நின்றுவிட்டு வருவார். ஒரேயொரு நாள், எல்லோரும் பெயர் தெரியாமல் முழித்த பருந்துக்கு அவர் பெயர் சொல்லிவிட்டார். அதோடு சங்கத்தின் செயலாளர் கிளடிஸ், எழுபது வயதுச் சீமாட்டி, அவரைப் பிடித்துக்கொண்டார். 1994 செப்ரெம்பர் பதினெட்டாம் திகதி நடையை நீங்களே நடத்துங்கள், நன்றாக அமைந்தால் இந்த இலையுதிர்காலம் முழுக்க நீங்கள்தான் வழிகாட்டி என்றார். சம்பளம் இல்லை. சட்டையில் குத்துவதற்கு முழுப்பெயர் எழுதிய அட்டை ஒன்று உண்டு. மாஸ்டருக்கு அந்த அட்டை போதும். அதற்காக இரண்டு கிழமை சரியாகச் சாப்பிடாமல் திரிந்தார்.

“போன மாசம் நடத்தின மனுசனுக்கு மூண்டு பேர்தான் வந்தவை. எனக்கு அதுவும் வராட்டி என்ன செய்யிறது, ரதி?”

“நீங்கள் ஏன் பயப்பிடுறியள்? ஆக்கள் வருவினம்,” என்றாள் ரதி.

மாஸ்டர் அதை வெறும் ஆறுதல் என்று எடுத்துக்கொண்டார். ரதியோடு இருபது வருடம் குடும்பம் நடத்தியவர் அப்படி நினைத்திருக்கக் கூடாது. நம் சனத்தில் ஒருவர் மேடையேறினால் முன்னால் ஒரு கதிரைகூட வெறுமையாக இருக்கக் கூடாது. அரங்கேற்றம் என்றாலும் நூல்வெளியீடு என்றாலும், ஆடினவரும் பேசினவரும் பிறகு. சபை நிறைந்ததா என்பதுதான் முதல் கேள்வி. அடுத்த நாளே ரதி தொலைபேசியோடு குந்திவிட்டாள்.

பதினெட்டாம் திகதி காலை, முதல்நாள் மழை துடைத்துவிட்ட வானம் பளிச்சென்று இருந்தது. வடமேற்கிலிருந்து குளிர்காற்று அடித்தது. பருந்துக்கு இதைவிட நல்ல நாள் இல்லை என்று மாஸ்டருக்குத் தெரியும். மேப்பிள் மரங்களில் ஒன்றிரண்டு கிளை மட்டும் சிவந்திருந்தது. மஞ்சள் பூப் பற்றைகளில் வண்ணத்துப்பூச்சிகள், நெடும்பயணத்துக்கு முன் வயிறு நிரப்பிக்கொண்டிருந்தன. வந்திருந்தது பதினொரு பேர், எல்லோரும் வெள்ளைக்காரர், எல்லோர் கழுத்திலும் விலையுயர்ந்த தொலைநோக்கி.

மாஸ்டர் பேசத் தொடங்கினார். பருந்துக்குச் சிறகடிக்கப் பஞ்சி, அவ்வளவு சோம்பேறி, நிலம் சூடாகி மேலே எழும்புகிற காற்றில் ஏறிச் சும்மா மிதந்துதான் தென்னமெரிக்கா வரைக்கும் போகும், ஏரிக்கு மேலே அந்தக் காற்று இல்லாதபடியால்தான் கரையைப் பிடித்து எங்கள் தலைக்கு மேலால் வருகிறது. சொல்லச் சொல்லப் பழைய குரல் வந்துவிட்டது. ஒரு கிழவர் கொப்பியில் எழுதினார். தன் பேச்சை ஒருவர் எழுதி எத்தனை வருடம் என்று நினைத்துக்கொண்டு, மாஸ்டர் அவர் எழுதி முடியும்வரை நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

அப்போதுதான் மூன்று வான் வண்டிகள் குன்றின் அடியில் வந்து நின்றன.

கதவு திறக்க நாதஸ்வரக் கசெற் முதலில் இறங்கியது, பிறகு சனம் இறங்கியது. இருபத்தாறு பேர். கூறைச்சேலை, வேட்டி, பிள்ளைகள், தின்பதற்கு றோல்ஸ் பெட்டி, தண்ணீர்ப் பானை. முன்னுக்கு ரதியின் தமையன் சிவபாதம், ஒரு கையில் மாலை, மறு கையில் பொன்னாடை. அவருக்குப் பக்கத்தில் ரதி, கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்டதுபோல. குன்று ஏறிய மூச்சிரைப்போடு அவள் முகம் பூரித்துக் கிடந்தது. பற்றையில் இருந்த வண்ணத்துப்பூச்சியெல்லாம் கலைந்து பறந்தது.

“எங்கட மாஸ்டர் எங்க நிக்கிறார்?” என்று சிவபாதம் குன்று அதிரக் கேட்டார்.

பதினொரு தொலைநோக்கிகளும் வானத்தைவிட்டு இறங்கின. கொப்பியில் எழுதிய கிழவர் பேனையை மூடினார். ஒரு பெண் உதட்டைச் சுழித்தாள். மாஸ்டர் கண்ணுக்கு அந்த உதடு மட்டும்தான் தெரிந்தது.

“உங்களுக்குத் தெரிந்தவர்களா?” என்று கிளடிஸ் கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

“இல்லை,” என்றார் மாஸ்டர், ஆங்கிலத்தில், நல்ல தெளிவாக. “யாரோ உல்லாசப் பயணம் வந்தவர்கள்போல.”

ரதி பத்தடி தள்ளி நின்றாள். இரண்டு வருடம் ஆங்கில வகுப்புக்குப் போனவள். வகுப்பில் அவளுக்கு ஒழுங்காக விளங்காத பாடங்கள் எத்தனையோ இருந்தன. இது விளங்கியது.

அவள் தமையனின் கையிலிருந்து பொன்னாடையை வாங்கி நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்தாள். கிளடிஸைப் பார்த்து, “சொறி மேடம். றோங் பிளேஸ்,” என்றாள்.

“என்ன றோங்? உந்தா நிக்கிறார் மாஸ்...” என்றார் சிவபாதம்.

“அது அவரில்லை, அண்ணை. வாங்கோ போவம்.”

ஏறிய சனம் இறங்கியது. ஏன் என்று விளங்காத கிழடுகளையும் பிள்ளைகளையும் ரதி ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இறக்கினாள். மாஸ்டர் பார்க்கவில்லை. அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பதினொரு மணிக்குப் பருந்துகள் வந்தன. முதலில் பத்து, பிறகு நூறு, பிறகு எண்ணமுடியாத அளவு. ஒன்றின்மேல் ஒன்றாகச் சுழன்று சுழன்று மேலேறி, உச்சியில் பிரிந்து தென்மேற்கே வழுக்கிப் போயின. ஆயிரத்துக்குமேல் என்று மாஸ்டர் சொன்னபோது ஆட்கள் கைதட்டினார்கள். இப்படியொரு காட்சியைப் பார்க்க அவர் இரண்டு வருடம் காத்திருந்தவர். அன்றைக்கு அது அவருக்கு வெறும் எண்ணிக்கையாகத்தான் இருந்தது.

கிளடிஸ் தன் கையாலேயே பெயரட்டையைக் குத்திவிட்டார்.

“ஒரேயொரு கவலைதான், அந்தக் குடும்பம் திரும்பிப் போய்விட்டது. என்ன அழகான உடுப்பு! எங்கள் சங்கத்தில் எல்லாம் என்னைப்போலக் கிழங்கள், புதுச்சனம் எட்டியும் பார்ப்பதில்லை. உங்கள் ஆட்களை நீங்கள் கூட்டிவருவீர்கள் என்று நினைத்துத்தான் உங்களைப் பிடித்தேன். அடுத்த ஞாயிறு மனைவியையாவது கூட்டிவாருங்கள்.”

வீட்டில் றோல்ஸ் பெட்டி குசினி மேசையில் பிரிக்கப்படாமல் கிடந்தது. ரதி சேலை மாற்றிச் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் நிலத்தைப் பார்த்தபடி, கிளடிஸ் சொன்னதைச் சொன்னார்.

“அடுத்த கிழமை நீரும் வாருமன். எல்லாரையும் கூட்டிக்கொண்டு வரட்டாம்.”

“எப்பிடி வாறது? அந்த மனுசி என்ர முகத்தைப் பாத்தது. இடம் மாறி வந்திட்டன் எண்டு என்ர வாயாலேயே சொல்லிப்போட்டு வந்திருக்கிறன்.” ரதி சோற்றுப் பானையை நிமிர்த்தி வைத்தாள். “நீங்கள் போய் உண்மையைச் சொல்லுங்கோ. சொன்னா வாறன்.”

“சொல்லுறன்,” என்றார் மாஸ்டர்.

அந்தக் கிழமை முழுக்க, பெட்டி மடிக்கும்போது, ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். சொல்லவும் வந்தது. கடினமான வசனமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை குன்றில் பதினைந்து பேர் நின்றார்கள். கொப்பிக் கிழவர் சிநேகிதர் ஒருவரையும் கூட்டிவந்திருந்தார். எல்லோருக்கும் முன்னால் கிளடிஸ் கேட்டார்.

“எங்கே, உங்கள் மனைவி வரவில்லையா?”

மாஸ்டர் நெஞ்சில் குத்தியிருந்த அட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

“அவள் இன்னும் இலங்கையில்தான் இருக்கிறாள்.”

“ஐயோ பாவம்,” என்று கிளடிஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “எவ்வளவு காலமாகத் தனியாக இருக்கிறீர்கள்?”

“ஆறு வருடம்,” என்றார் மாஸ்டர்.