அளவுக்கோட்டின் மேல் எழுதிய பதினாறு

ஆடி, கொங்கு நாட்டில் காற்றுக்கு உரிய மாதம். பாலக்காட்டுக் கணவாயின் வழியே புகும் காற்று, மலைக்கு அப்பால் பெய்யும் மழையின் ஈரத்தைச் சுமந்து வந்தும், ஒரு துளியையேனும் இறக்கி வைக்காமல் பகலெல்லாம் கிழக்கு நோக்கி விரைந்துகொண்டிருக்கும். பனைகள் ஒரே திசையில் தலை சாய்த்து நிற்கும். வானம் வெண்சாம்பல் நிறத்தில் தாழ்ந்து, வெயிலுக்கும் மழைக்கும் நடுவே ஏதோ நோன்பு காப்பதுபோல் அமைதி கொள்ளும். அம்மன் கோயில்களில் வேப்பிலைத் தோரணம் ஆடும், மணப்பேச்சு நின்றிருக்கும், புதுக் கட்டடத்துக்கு எவரும் அடித்தளம் தோண்ட மாட்டார்கள்.

கட்டட வரைபடம் வரைவோருக்கு மட்டும் அம்மாதத்தில் ஓய்வில்லை. ஆவணி பிறந்ததும் பூசை போடக் காத்திருப்போர் அனைவரும் ஆடிக்குள் படத்தைக் கேட்பார்கள். அவிநாசி சாலையில் வரைபட அலுவலகம் வைத்திருந்த தீனதயாளனும், அந்தச் சனிக்கிழமைக் காலையில் அவ்வாறே கணினியின் முன் அமர்ந்திருந்தார். பின்னலாடை நிறுவனம் நடத்தும் ஈஸ்வரமூர்த்தி, தம் பழைய கட்டடத்தின் மேல் ஒரு மாடி எழுப்ப விரும்பினார். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் அக்கட்டடத்துக்குப் படம் வரைந்தவர்கள் தீனதயாளனும் அவருடைய அன்றைய கூட்டாளி ராபினுந்தான். ஈஸ்வரமூர்த்தி தம் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்த குறுந்தகட்டில் அந்தக் கோப்பு பழுதின்றி இருந்தது.

படம் திரையில் விரிந்தபோது, அதனோடு ஒரு காலமும் விரிந்தது. பேக்கரிக்கு மேலே ஓர் அறை, ஒரே கணினி, இரண்டு நாற்காலிகள். காலையில் ஒருவர் வரைவார், மற்றவர் மனை அளக்கப் போவார், மாலையில் மாறிக்கொள்வார்கள். கீழிருந்து தேங்காய் பன்னின் மணம் எழுந்து வந்து, இருவர் வேலையையும் ஒருசேரக் கெடுக்கும். சாத்தான்குளத்திலிருந்து பிழைக்க வந்த ராபினுக்கு ஊர்ப்பேச்சு மாறவேயில்லை. அளவுக்கோட்டின் முனைகளில் அவர் அம்புக்குறி வைப்பார். தீனதயாளன் சாய்கீற்று வைப்பார். அதுவே அவர்களுக்குத் தீராத வழக்கு.

“என்னவே இது, அளவுக்கோடா, அருவா வெட்டா? ஒரு சுவத்தையும் விடாமக் கீறி வச்சிருக்கீரு!”

“ஏனுங்க ராபின், நீங்க அம்பு வுட்டுட்டு வேட்டைக்காப் போறீங்க?”

தீனதயாளன் தமக்குள் சிரித்துக்கொண்டார். மேல்மாடியின் சுவரைத் தொடங்குமுன், கீழே முதலாளி அறையின் அகலத்தை மறுபடி அளக்க ஒரு புதிய அளவுக்கோடு இழுத்தார். அது பதினைந்தடி மூன்றங்குலம் என்றது. அதன் அருகிலேயே இருந்த பழைய அளவுக்கோடு பதினாறடி என்றது.

சிரிப்பு நின்றது.

அம்மென்பொருளில் அளவுக்கோடு தானாகவே அளந்து எண்ணைச் சொல்லும். கோடு நீண்டால் எண்ணும் வளரும். ஆனால் அந்த எண்ணை அழித்துவிட்டு வேறோர் எண்ணைக் கையால் எழுதவும் இயலும். எழுதிவிட்டால், சுவர் எங்கே நின்றாலும் எழுதியதையே அது சொல்லிக்கொண்டிருக்கும். தீனதயாளன் பழைய கோட்டின் மேல் எழுதியிருந்ததை நீக்கினார். பதினாறு மறைந்து, பதினைந்தடி மூன்றங்குலம் வந்து நின்றது. அதன் இரு முனைகளிலும் இருந்தவை அம்புகள் அல்ல, சாய்கீற்றுகள்.

இந்த முக்காலடிதான் அவர்களைப் பிரித்தது. மனையடிக் கணக்கில் பதினைந்து ஆகாது, பதினாறே வேண்டும் என்று ஈஸ்வரமூர்த்தி கேட்டிருந்தார். தூண்கள் எழுந்தபின் அவர் நாடா பிடித்துப் பார்த்தால் பதினைந்தே சொச்சம். வேலையாட்கள் அத்தனை பேர் நடுவே தீனதயாளன் இரண்டு தாள்களை விரித்தார். அவர் வரைந்த தளப்படத்தில் பதினாறு. ராபின் வரைந்த தூண் படத்தில் பதினைந்தடி மூன்றங்குலம். “எம்படத்துல சரியாத்தானுங்க இருக்குது. தப்பு அவருது” என்றார். இரண்டு தூண்களை இடித்துக் கட்டினார்கள். ராபின் மறுசொல் பேசாமல் தம் நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டுப் போனார். காகிதமே தீர்ப்புச் சொல்லிவிட்டதால் கோப்பை எவரும் திறக்கவில்லை.

இப்போது நினைவு வந்தது. ஈஸ்வரமூர்த்தி தொலைபேசியில் ‘பதினாறு’ என்ற மாலையில், மின்சாரம் நின்றுவிடுமோ என்ற அவசரத்தில், சுவரை நாளை நகர்த்திக்கொள்ளலாம் என்று எண்ணை மட்டும் எழுதியவர் தீனதயாளனே. ராபின் அதே கோப்பின் சுவர்க்கோட்டை நம்பித் தூண்களை வரைந்தார். கோடு பொய் சொல்லவில்லை.

சுவரை ஒன்பது அங்குலம் நகர்த்திக் கோப்பை மூடிவிட்டால் உலகில் எவரும் அறியப்போவதில்லை. தீனதயாளனின் கை அதற்காகச் சுட்டியின் மேல் சென்றும் இருந்தது. நெடுநேரம் அங்கேயே கிடந்த கையைப் பின்னர் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் ஞாயிறு. ராபின் இப்போது மங்கலத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவர் மனைவி இன்னும் தேவாலயத்திலிருந்து திரும்பவில்லை. தீனதயாளன் தட்டியதும் கதவைத் திறந்த ராபினின் தலை நரைத்திருந்தது, குரல் நரைக்கவில்லை.

“வாரும்வே! பதினெட்டு வருசமா மங்கலத்துக்குப் பஸ்சே விடலியோ?”

தீனதயாளன் உள்ளே வந்து உட்காரவில்லை, வாசற்படியிலேயே நின்றார். “அந்தப் பதினாறு நாந்தானுங்க கையில எழுதுனது. செவுத்த நகத்த மறந்துட்டனுங்க. நேத்துத்தான் பாத்தேன். தப்பு பூராவும் என்னுதுங்க.”

ராபின் சன்னலைப் பார்த்தபடி நின்றார். பேசியபோது கேலி போயிருந்தது.

“நாந்தான் கோட்டத் தப்பாப் பிடிச்சிட்டம்னுல்லாவே நெனச்சிட்டு இருந்தேன். அதுக்குப் பொறவு எங்கண்ணையே எனக்கு நம்ப முடியல. படம் வரையதயே விட்டேன். இன்னைக்கும் துணிய ரெண்டு மட்டம் அளக்காம கத்திரி வைக்க மாட்டேன். கம்பெனிப் பொம்பளையளு எனக்கு ‘ரெட்டை டேப்பு’ன்னு பேரு வச்சிருக்காளுவ.”

ராபின் திரும்பி அவரைப் பார்த்தார்.

“அன்னைக்கு அத்தன பேரு முன்னால சொன்னீரே. இன்னைக்கு எங்கிட்ட மட்டும் சொன்னாப் போதுமாவே?”

தீனதயாளன் கைப்பேசியை எடுத்து, இருவருக்கும் கேட்குமாறு வைத்து, ஈஸ்வரமூர்த்தியை அழைத்தார். நடந்ததை ஒன்றும் குறைக்காமல் சொன்னார்.

“அந்தத் தம்பி பக்கத்துல இருக்காருங்களா?” என்றார் ஈஸ்வரமூர்த்தி. “ஏனுங்க தம்பி, நானும் அன்னிக்கு வாய்க்கு வந்தபடி பேசிப்போட்டனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க சாமி.” பிறகு குரல் இறுகியது. “தயாளு, மாடி வேல உங்களுக்கா, இன்னொருத்தருக்கான்னு யோசிக்கோணும். திங்கக்கெழம பேசிக்கலாமுங்க.”

“செரிங்க” என்றார் தீனதயாளன்.

ராபின் மெல்ல நடந்து, சுவரில் இருந்த சிறு சிலுவையின் முன் முழந்தாளிட்டார். உதடு அசையவில்லை, தோள் மட்டும் ஒருமுறை குலுங்கி அடங்கியது. நெற்றியில் நீறு துலங்கத் தீனதயாளனும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, அவருக்குப் பின்னால் கைகூப்பி நின்றார். தம் பெருமானிடம் வேண்ட அப்போது அவருக்கு ஒரு வரியும் வரவில்லை.

ராபின் எழுந்து வந்து, நண்பரின் கூப்பிய கைகளைத் தம் இரு கைகளுக்குள் வாங்கிக்கொண்டார்.

“கர்த்தர் உம்ம கையையும் கண்ணையும் காத்துக்கிடட்டும்வே. நல்லா இரும்.”