விளக்கேந்திய கை

அன்செல்ம் கெராரின் ஒன்பது வயது மகள் ஓடில் தொண்டையடைப்பு நோயில் இறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மனைவி செலி ரொட்டியைத் தொடவில்லை. பிள்ளையின் கையை ஒரே ஒரு தடவை பிடித்துப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவளிடம் வேறு பேச்சே இல்லை.

கேட்டது ஒன்றும் பைத்தியக்காரத்தனம் அல்ல. பாரிஸ் பணக்காரர்களின் வீட்டுச் சுவர்களில் அந்தக் கை இருந்தது. அன்செல்ம் வெண்கல விளக்குகளுக்கு உருச் செய்பவன். சில மாதங்களுக்கு முன்புதான் மகளின் கையிலேயே சாந்து அப்பி அச்செடுத்து, சுவரிலிருந்து நீண்டு எரிவாயு விளக்கைப் பிடிக்கும் கையாக அதை அமைத்தான். அளவு இம்மி பிசகவில்லை. ஊரே வாங்கியது.

பட்டறைக்கு ஓடினான். முதலாளி நல்ல மனிதர்தான். ஆனால் இப்போது எல்லோரும் எகிப்துப் பாணியைத்தான் கேட்கிறார்கள், மூல வார்ப்பைப் போன வாரம் உருக்கிவிட்டோம் என்றார். போன வாரமாம்! கை வாங்கியவர்களின் கதவுகளைத் தட்டினான். குடிகாரன் என்று காவலாளிகள் விரட்டினார்கள்.

மிச்சமிருந்தவன் திருட்டு வார்ப்புக்காரன் குரூசே. கடையில் வாங்கிய விளக்கிலிருந்தே அச்செடுத்து மலிவாக விற்பவன். உன்னை ஜெயிலுக்கு அனுப்பாமல் ஓயமாட்டேன் என்று நடுத்தெருவில் அவனிடம் கத்திய அன்செல்ம், இப்போது தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவன் வாசலில் நின்றான்.

"என்னண்ணே, போலீஸ எங்க விட்டுட்டு வந்தீங்க?" என்று குரூசே சிரித்தான். விஷயம் தெரிந்ததும் உள்ளே போய், இருந்த ஒரே கையைத் துணியில் சுற்றிக் கொடுத்தான். "நகலுக்கு நகல் எடுத்து, அதுக்கும் நகல் எடுத்ததுண்ணே. உங்களுக்குத் தெரியாததா."

தெரியும்தான். வார்ப்பு ஆறும்போது சுருங்கும். ஒவ்வொரு நகலும் முந்தையதைவிடச் சிறுத்துத்தான் வரும். அழுதுகொண்டிருப்பவள் அதையா கவனிக்கப்போகிறாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். பாவி, பெற்றவளைப் பற்றி என்ன தெரியும் அவனுக்கு.

செலி அதை உள்ளங்கைகளுக்குள் பொத்திக்கொண்டாள். ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தாள்.

"ஏங்க, இது அவ போறப்போ இருந்த கை இல்ல. போன வருஷத்துக் கை."

அவன் தலைகுனிந்து, வார்ப்பு சுருங்கும் கதையை ஒப்புக்கொண்டான்.

"போன வருஷம் அவளுக்கு ஒரு நோவும் இல்ல," என்றாள் அவள். "இதுலேர்ந்து இன்னொண்ணு எடுத்தா இன்னும் சின்னதாகுமா?"

"ஆகும்."

"எடுங்க. என் வயித்துலேர்ந்து வந்த அளவு வர்ற வரைக்கும் எடுங்க."

அன்செல்ம் அழுதுகொண்டே சாந்து குழைக்க உட்கார்ந்தான்.