குழிக்குள் ஒரு மூக்கு

மைத்துனன் கல்யாணத்துக்கு முந்தின நாள் விருந்தாளியைத் தெரெவாகா மலைக்குக் குதிரையில் கூட்டிப்போயிருக்கக் கூடாது என்று கெரேமோ பிறகு பலமுறை நொந்துகொண்டான்.

இக்னாசியா சாந்தியாகோ நகரத்தில் தொல்லியல் சொல்லிக்கொடுப்பவள். தீவில் முன்னோர்களின் நினைவாக நிற்கும் 'மோவாய்' என்னும் மாபெரும் கற்சிலைகளைப் பார்க்க வந்து, அவன் வீட்டில் அறையெடுத்துத் தங்கியிருந்தாள். குதிரையேறத் தெரியும் என்று அவள் சொன்னதை நம்பிவிட்டான். போகும்போது சிரித்துக்கொண்டே போனவள், திரும்பி வந்ததும் நாற்காலியைப் பார்த்தாலே முகம் சுளித்தாள். மத்தியானச் சாப்பாட்டை நின்றபடியே முடித்துவிட்டு, உட்கார வழியில்லாமல் தோட்டத்தைச் சுற்றிச்சுற்றி வந்தாள்.

அங்கே கெரேமோ மண்ணடுப்புக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தான். மறுநாள் ஊரே சாப்பிட வரும். கோழியும் சூரை மீனும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் சுட்ட கற்களின்மேல், வாழையிலைக்கு அடியில் வேக வேண்டும். கடப்பாரை எதிலோ இடித்தது. கல்தானே என்று பெயர்க்கப் போனான்.

"கடப்பாரையைக் கீழ வைங்கண்ணே," என்றாள் இக்னாசியா. அவ்வளவு மெதுவாகச் சொன்னதுதான் அவனுக்குத் திகிலாக இருந்தது.

குழிக்குள் குப்புறப் படுத்து, கழுத்துத் துணியால் மண்ணைத் துடைத்தாள். நீளமான மூக்கு ஒன்று வெளியே வந்தது. மோவாய் மூக்கேதான். அதிகாரிகள் பார்க்கும்வரை ஒரு பிடி மண்ணைக்கூடத் தொடக்கூடாது என்று சொல்லி, அவளே தொல்லியல் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். திங்கட்கிழமைதான் வர முடியும் என்றார்கள்.

மாமியார் லுக்ரேசியா தன்னைக் கொன்றே போடுவாள் என்று நினைத்தான் கெரேமோ. அவளோ குழியை எட்டிப் பார்த்ததும் கண் கலங்கினாள். "எங்க வம்சத்து மூக்குடா மாப்ளே. எங்கப்பாவ அப்பிடியே உரிச்சு வச்ச மாதிரி இருக்கு."

அந்த நேரம் பார்த்து வாழைத்தார்களோடு வந்து சேர்ந்தார் பெண்ணின் தகப்பனார் அம்புரோசியோ. அவரும் குனிந்து பார்த்தார்.

"தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி. உங்க பக்கம் எல்லாருக்கும் சப்பை மூக்கு. இது எங்க ஆளு."

"எம்மவன் மூக்கு சப்பையா இருக்கறது, பொண்ணு குடுக்கும்போது தெரியலையாக்கும்?"

பேச்சு முற்றி, கல்யாணமே வேண்டாம் என்கிற இடத்துக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளைப் பையன் தன் மூக்கைக் கையால் மூடிக்கொண்டு மூலையில் நின்றான். கெரேமோ, நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்கள் என்று இக்னாசியாவிடம் கெஞ்சினான்.

அவள் படுத்தபடியே தலையைத் தூக்கினாள். "நுனி உடைஞ்சிருக்கு. முழுசா இருந்தா யாரு மாதிரின்னு பார்க்கலாம். இதை வச்சு எப்படிச் சொல்றது?"

இரண்டு பேருக்கும் அது பிடித்துப்போயிற்று. இல்லாத நுனி தங்கள் பக்கம்தான் சாட்சி சொல்லும் என்று இருவருமே நம்பினார்கள். விருந்துக் குழியை அம்புரோசியோ வீட்டில் வெட்டலாம் என்று முடிவானது. வந்தவர்கள் முதலில் மூக்கைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போக வேண்டும் என்று லுக்ரேசியா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் அப்படியே நடந்தது. இக்னாசியா பூமாலையும் கழுத்துமாகக் குழிக்குக் காவல் நின்றாள். வந்தவர்கள் எல்லாரும் வரிசையாகக் குனிந்து பார்த்தார்கள். நிமிரும்போது தங்கள் மூக்கை ஒருமுறை தடவிக்கொண்டார்கள்.

திங்களன்று அதிகாரிகள் வந்து தோட்டத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். அங்கே கட்டியிருந்த கெரேமோவின் குதிரைகள் இடம் மாறின. எல்லாரும் போன பிறகு, அவன் கயிற்றுக்கு வெளியே நின்று குழியை வெகுநேரம் பார்த்தான். பிறகு உள்ளே போய்க் கண்ணாடியின் முன்னால் பக்கவாட்டில் திரும்பி நின்றான்.

அந்த மூக்கு தன்னுடையது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. மாமியாரிடம் மட்டும் அவன் அதைச் சொல்லவில்லை.