பன்னிரண்டாவது சின்னம்

தயாபரனின் கட்டைவிரல் அந்தப் பென்சில் கோட்டின் மேல் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது, சிட்டின் அலகில் தொடங்கி முதுகு வழியாக வால்வரைக்கும், எஸ்தர் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள், இது என்னம்மா, சும்மா கிறுக்குனதா என்று அவர் கேட்கிறார், சும்மாதான் சார் என்கிறாள், அந்த ஒரு சொல்லைக் குரல் நடுங்காமல் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வாரமாகக் குளியலறையில் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தாள். நாசரேத்திலிருந்து கோயம்புத்தூருக்கு வந்து அவருடைய டிசைன் ஸ்டுடியோவில் சேர்ந்து ஏழு வருஷம், கம்பெனிகளுக்கு லோகோ வரைவது அவள் வேலை, வரைந்ததைத் தன்னுடையது என்று மேடையில் காட்டுவது அவர் வேலை, அப்படியே பதினோரு லோகோக்கள் போயிருந்தன. வரவேற்பறைச் சுவரில் ஆள் உயர எழுத்தில் ‘காப்பி அடிக்காதே’ என்று எழுதி வைத்திருந்த மனுஷன், சொந்தமா ஒரு கோடு போடத் தெரியாதவங்களுக்கு இங்க எடமில்லீங்க என்று புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிற மனுஷன், அந்தப் பேச்சில் மயங்கித்தான் முதல் மூன்றை அவள் வாய் திறக்காமல் விட்டாள், நான்காவதிலிருந்து பழகிவிட்டது, பழகியதற்காகத் தன்மேல் ஓர் அருவருப்பும் கூடவே பழகிவிட்டது.

பதினோராவதுதான் அந்தக் கை. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் அம்மா கிடந்த கடைசி மாதம், கட்டில் கம்பியை அம்மாவின் கை பிடித்திருக்கிறது, விரல்களில் சதையே இல்லை, பிடி மட்டும் இருக்கிறது, எஸ்தர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் அதை வரைகிறாள், ஒரு கோடு கம்பி, ஒரு கோடு கை, அவ்வளவுதான், என்னட்டீ வரையுத என்று அம்மா கேட்க, ஒன்ன என்று சொல்ல, என்னய வரைய அங்க என்ன இருக்கு என்று அம்மா சிரித்தது, எந்தக் கம்பெனிக்காகவும் வரையவில்லை, அம்மா போனபின் அந்தச் சீட்டை மேசை இழுப்பறையில் வைத்திருந்தாள், அது எப்படி அவர் கண்ணில் பட்டதோ. நான்கு மாதம் கழித்துச் சென்னையில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையின் சின்னமாக அதற்கு விருது கொடுக்கிறார்கள், அவர் மேடையேறி, இது எங்கம்மா கையிங்க, காய்ச்சல்ல கெடந்தப்ப என்னைப் புடிச்ச கை என்று குரல் தழுதழுக்கச் சொல்கிறார், விழாவுக்கெல்லாம் கூட்டி வருகிற அவருடைய அம்மா ரங்கநாயகி முதல் வரிசையில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள், பொள்ளாச்சியில் இன்றைக்கும் தென்னந்தோப்பைச் சுற்றிவருகிற திடமான கிழவி, கூட்டம் எழுந்து நிற்கிறது, நான்காவது வரிசையில் எஸ்தரும் எழுந்து நின்று கை தட்டினாள். தட்டினாள் என்பதுதான் பிறகு அவளைத் தூங்கவிடவில்லை. கோட்டை எடுத்தான், பெயரை எடுத்தான், செத்துப்போன என் அம்மாவையுமா என்று பல் தேய்க்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது, அவர் விழ வேண்டும், மேடையில், மைக் முன்னால், எல்லோரும் பார்க்க விழ வேண்டும்.

அம்மாவின் வருஷ நினைவுக்கு ஊருக்குப் போனபோது காயல்பட்டினத்தில் பஸ் மாற இறங்கியவள், எதிரே ஒரு தையல் கடையின் தகரப் பலகையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள், ஒரு தையல்சிட்டு, அதன் அலகு ஊசி, ஊசியின் காதுதான் சிட்டின் கண், அதிலிருந்து கிளம்பும் நூலே முதுகாகவும் வாலாகவும் சுற்றி வருகிறது, ஏழு வருஷத்தில் அவள்கூட இப்படி ஒன்று வரைந்ததில்லை. கடைக்காரி பாத்திமுத்துவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும், மிஷினிலிருந்து தலை நிமிராமலே, நாந்தாம்மா வரஞ்சேன், ஒரு வாரமாச்சு அந்தக் கண்ணு சரியா வர என்றாள், எஸ்தர் போட்டோ எடுத்துக்கொண்டாள், நல்லாருக்கு என்றாள், வேறெதுவும் சொல்லவில்லை, பஸ் ஏறும்போதே திட்டம் முழுசாக வந்துவிட்டது, அவ்வளவு அழகான ஒன்றைப் பார்த்த சந்தோஷம் ஒரு நிமிஷம்கூடத் தங்கவில்லை என்பதை அன்றைக்கு அவள் கவனிக்கவில்லை.

ஆறு மாதத்தில் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்று லோகோ கேட்டு வந்தது, எஸ்தர் சிட்டை ஒரு கோடு பிசகாமல் வரைந்து மேசைமேல் விட்டாள், விரல் ஊர்ந்தது, சும்மாதான் சார், மறுநாள் காலையில் தாள் இல்லை. வெளியீட்டு விழாவின் அழைப்பிதழ் அச்சாகி வந்த அன்றே அதில் ஒன்றை உறையில் போட்டு, உங்கள் சிட்டை வேறொருவர் தன்னுடையது என்று சொல்லப்போகிறார், ஆதாரத்தோடு வாருங்கள் என்று மட்டும் எழுதிக் காயல்பட்டினத்துக்கு அனுப்பினாள், தன் பெயரைப் போடவில்லை.

திருப்பூரில் கல்யாண மண்டபம், காலை பதினோரு மணி, முதலாளி நாச்சிமுத்து திரையை விலக்க, சிட்டு ஆளுயரத்துக்கு நிற்கிறது, தயாபரன் மைக்கில், சின்ன வயசுல எங்க தோப்புல பாத்த சிட்டுங்க, எங்கம்மாதான் கூப்பிட்டுக் காட்டுனாங்க என்று ஆரம்பிக்கிறார், கடைசி வரிசையிலிருந்து கறுப்புத் துப்பட்டியில் ஒருத்தி எழுந்து நடுவழியே நடந்து வருகிறாள், கையில் பெட்ஷீட்டில் சுற்றிய எதுவோ, போட்டோதான் கொண்டுவருவாள் என்று எஸ்தர் நினைத்திருந்தாள், பாத்திமுத்து பலகையையே கழற்றிக் கொண்டுவந்திருந்தாள், மேடை முன்னால் பெட்ஷீட்டை அவிழ்த்து நிமிர்த்தி வைத்தாள், ஓரமெல்லாம் துரு, சிட்டின் காலடியில் ஒன்பது வருஷத்துக்கு முந்தைய தேதி. இது என் கடைப் பலகை என்றாள். நாச்சிமுத்து பலகையைப் பார்த்தார், மேடையில் நின்ற சிட்டைப் பார்த்தார், என்னங்க இது என்று தயாபரனைக் கேட்டார். தயாபரன் எச்சில் விழுங்குவது மைக்கில் கேட்டது, பிறகு சொன்னார், இது நான் போட்டதில்லீங்க, எங்க ஆபீஸ்ல எஸ்தர்னு ஒரு பொண்ணு, அவ போட்டது, அவ எங்கிருந்து சுட்டாளோ எனக்குத் தெரியாதுங்க.

ஏழு வருஷத்தில் முதல்முறையாக மேடையில் அவள் பெயர். எழுந்துகொண்டாள், குரல் நடுங்கவில்லை, ஆமா சார், நாந்தான் வரைஞ்சேன், இதுக்கு முந்தின பதினொண்ணையும் நாந்தான் வரைஞ்சேன், நீங்க விருது வாங்கின கை எங்கம்மா கை, அவங்க செத்துப்போயிட்டாங்க என்றாள். முதல் வரிசையில் ரங்கநாயகி மகனை நிமிர்ந்து பார்த்து, அதட்டலோ அழுகையோ இல்லாமல், அது என்னோட கை இல்லியா கண்ணு என்று கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார், இறங்குவதற்குப் படி எந்தப் பக்கம் என்று தெரியாமல் மேடையில் நின்றார், எஸ்தர் கண்ணிமைக்காமல் பார்த்தாள், ஒவ்வொன்றையும் பார்த்தாள். விருதைத் திருப்பிக் கேட்டதும், ஸ்டுடியோவைப் பூட்டியதும், காப்பிக்காரி என்று எந்த ஸ்டுடியோவும் அவளைச் சேர்த்துக்கொள்ளாததும் பின்னால் வந்தவை, அந்தச் சில நிமிஷங்கள்தான் அவள் கேட்டவை.

சிட்டை எங்களுக்கே கொடுங்க என்று நாச்சிமுத்து எவ்வளவோ கேட்டும் பாத்திமுத்து தலையாட்டி மறுத்துவிட்டாள், எஸ்தரும் ஊருக்குக் கிளம்பினாள், இருவரும் திருச்செந்தூர் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார நேர்ந்தது, பலகை பாத்திமுத்துவின் மடியில். மதுரை தாண்டியதும், கடைக்கு வந்து போட்டோ புடிச்சது நீதானம்மா என்றாள். ஆமா. கடுதாசி போட்டதும் நீதான். ஆமாக்கா. அந்த ஆளு மூஞ்சியப் பாத்தியா. பாத்தேன். நல்லா இருந்துச்சா. நல்லா இருந்துச்சுக்கா என்று எஸ்தர் உண்மையையே சொன்னாள். எனக்கும்தான் என்றாள் பாத்திமுத்து, ஆனா அன்னைக்கே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வரஞ்சு தந்திருப்பேன், என் சிட்ட எங்கிட்ட கேக்காமத்தானே நீயும் எடுத்தே, ஒன் மூஞ்சிய எனக்குப் பாக்க முடியல. சொல்லிவிட்டுப் பலகையைத் தூக்கிக்கொண்டு முன்னால் காலியாயிருந்த சீட்டுக்குப் போய்விட்டாள். எஸ்தருக்கு முகம் எரிந்தது, மன்னிப்புக் கேட்க எழுந்தாள், கேட்டால் என்னவென்று கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்தாள், விருதுநகர் தாண்டும்போது, படி தெரியாமல் மேடையில் நின்ற மனுஷன் மறுபடி நினைவில் வந்தார், எரிகிற முகத்திலேயே சிரிப்பு வந்தது, அதை அடக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.