வெல்டர் வீட்டுச் சேவலின் முட்டை

வெல்டர் வீட்டுச் சேவல் ஒரு வியாழக்கிழமை காலை முட்டையிட்டது. கொல்லையில் பழுதாகிக் கிடந்த தண்ணீர் மோட்டாரை மூடியிருந்த சாக்கு மேல், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த வெல்டரின் அம்மா பார்க்கப் பார்க்க இட்டுவிட்டு, கையும் களவுமாகப் பிடிபட்டவனைப் போல விழித்துக்கொண்டு நின்றது. நல்ல நீல முட்டை. தெருவே வந்து பார்த்தது. சேவல் எப்படி முட்டையிடும் என்று ஒருவரும் கேட்கவில்லை. இதைக் கொஞ்சம் முன்னாலேயே செய்திருக்கலாமே என்றுதான் சிலர் முணுமுணுத்தார்கள்.

வெல்டரின் முதல் மனைவி பள்ளிச் சீருடை தைப்பவள். கல்யாணமாகி வந்தபோது தையல் மெஷினோடு, பழுப்பு முட்டையிடும் கோழிகள் சிலவற்றையும் கொண்டுவந்தாள். அவற்றுக்கு ஜோடியாக இந்தச் சேவலைக் கொண்டை அழகாக இருக்கிறதென்று வெல்டர் சந்தையில் வாங்கினான். அதன் தாய் என்ன நிறத்தில் முட்டையிட்டது என்று அவன் கேட்கவில்லை. சேவல் வாங்குகிறவர்கள் அதையெல்லாம் கேட்பதில்லை. அவளுடைய கோழிகள் எப்போதும்போல் பழுப்பாகவே இட்டன. அவற்றின் குஞ்சுகள் வளர்ந்து பச்சை முட்டையிடத் தொடங்கிய மாதத்தில், அவளுடைய மூத்த பெண்ணின் நகங்கள் நீலமாயின. நீலம் மணிக்கட்டுக்கு ஏறியது, பிறகு தோளுக்கு. ஏறிய இடமெல்லாம் தோல் ஓடாக இறுகியது. டாக்டர் கால்சியம் என்று சொல்லிக் கைகழுவிவிட்டார். ஒரு நாள் பால் கொடுக்கலாம் என்று அப்பன் ஆசையாகத் தூக்கியதில், பிள்ளை விரிசல் விட்டு இறந்துபோனாள். அடுத்தவளும் அதே போலப் போனாள்.

"எங்க வம்சத்துல இப்படி நடந்ததே இல்ல. எல்லாம் நீ கொண்டுவந்த ரத்தம்" என்றாள் மாமியார்.

அழுது முடித்த பிறகு அவள் முட்டைகளைப் பார்க்க ஆரம்பித்தாள். ஒரு பச்சை முட்டையை எடுத்து வினிகர் துணியால் தேய்த்து மாமியாரிடம் நீட்டினாள். "பாருங்க அத்தை, மேல இருக்கிற பழுப்பு தேய்ச்சா போயிடுது. அது என் கோழி குடுத்தது. அடியில இருக்கிற நீலம் போகவே இல்ல, உடைச்சா உள்ளயும் நீலம். என் கோழி முட்டைய உடைங்க, உள்ள வெள்ளைதான். அப்ப நீலம் எங்கிருந்து வந்துச்சு?"

"ஏன், சேவல் வந்து முட்டை போட்டுச்சா?" என்றாள் மாமியார். நரம்பில்லாத நாக்குகள் அதைத் தெருமுனை வரை கொண்டுபோய்ச் சிரித்தன. கோழிகளை அறுத்தார்கள். அவளைத் தையல் மெஷினோடு அண்ணன் வீட்டுக்கு அனுப்பினார்கள். சேவலை விட்டுவைத்தார்கள், அது என்ன பாவம் செய்தது.

புது மனைவி வந்தாள், வெள்ளை முட்டையிடும் புதுக் கோழிகளும் வந்தன. முட்டைகளைக் கூடையில் வைத்து மாமியார் வீடு வீடாகக் காட்டினாள். மறு வருடம் அவளுக்கு ஒரு பெண் பிறந்தாள். அந்தக் கோழிகளின் குஞ்சுகளும் வளர்ந்து, பச்சைகூட இல்லாமல், பளிச்சென்று நீலமாகவே இட்டன. அதே வாரத்தில் மாமியார் கடைக்குப் போய்ச் சிவப்பு நகப்பூச்சு வாங்கிவந்து பேத்தியின் விரல்களுக்குப் பூசினாள். புது மனைவி அழகுக்கு என்று நினைத்துக்கொண்டாள். சேவல் முட்டையிட்டது அதற்குப் பிறகுதான்.

அன்று மத்தியானமே மாமியார் அந்த முட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு முதல் மருமகளைத் தேடிப் போனாள். அவள் தைப்பதை நிறுத்தவில்லை.

"எனக்கும் ரெண்டு பொண்ணு இருந்துச்சும்மா. இவனுக்கு முன்னாடி. நகத்துக்குச் சிவப்பு பூசிப் பூசி மறைச்சேன். என் மாமியா என்னைத்தான் சொன்னாங்க."

"தெரிஞ்சேவா அத்தை என்னைச் சொன்னீங்க?"

"தெரிஞ்சேதான். பழி என் தலையிலேருந்து இறங்குதேன்னு இருந்துச்சு."

மெஷின் நின்றது. அவளுக்கு அந்தக் கிழவியைக் கொன்றுபோட வேண்டும்போல் இருந்தது. முட்டையைக் கையில் வாங்கிக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "பாப்பாவுக்கு எதுவரைக்கும் ஏறியிருக்கு?"

"முழங்கை."

வெட்டுத் துணிகள் நிறைந்த மூட்டையை எடுத்துக்கொண்டு அவள் வெல்டர் வீட்டுக்குள் மறுபடியும் நுழைந்தாள். புது மனைவியை உட்காரவைத்து, இறுகும் பிள்ளையை எப்படி ஏந்துவது, எந்தப் பக்கம் துணி கொடுப்பது என்று காட்டினாள். தன் பிள்ளைகள் எந்த இடத்தில் விரிசல் விட்டார்கள் என்று பார்த்து வைத்திருந்த அவளைத் தவிர அது யாருக்கும் தெரியாது. வெல்டர் அன்றைக்கு மாட்டிய வெல்டிங் முகமூடியைப் பிறகு வீட்டுக்குள்ளும் கழற்றவில்லை. அதற்குள் சோறு எப்படிப் போனது என்று யாரும் விசாரிக்கவில்லை.

பிள்ளை மழைக்காலம் வரை இருந்தாள். விரிசல் விடாமல், இரண்டு பெண்களின் மடியில் முழுசாகப் போனாள். அந்த வீட்டில் அப்படிப் போனவள் அவள் ஒருத்திதான். சேவல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இட்டுக்கொண்டிருந்தது. வாங்கித் தின்ற தெருக்காரர்கள் ருசியில் வித்தியாசம் ஒன்றும் இல்லை என்றார்கள்.