ஒரு செயின் தூரம்

1

பதினோரு நாளாக இந்தக் கதையின் முதல் வரியோடு உட்கார்ந்திருக்கிறேன். இதை முடிக்க ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

கதை வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். தருமபுரி மாவட்டக் கிரிக்கெட் அணிக்கு இந்த 1977இல் பத்து வயது. மலர் போடுகிறார்கள். அணியின் வரலாற்றை எழுதும் பொறுப்பு முதல் கேப்டனான என் அப்பா காளியப்பனிடம் வந்தது. அப்பா சர்வே ஆபீஸில் இருக்கிறார். ஊர் நிலத்தையெல்லாம் அளப்பார், எழுதமாட்டார். பி.எஸ்சி. படித்தவள் வீட்டில் சும்மா இருக்கும்போது தனக்கு எதற்கு இந்த வேலை என்று என் பக்கம் தள்ளிவிட்டார். நான் படித்தது இயற்பியல்.

வரலாறு ஒரு பக்கத்தில் முடிந்தது. கொடுத்துவிட்டேன். இது அதில் அடங்காமல் மீந்தது.

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

"1969 ஜனவரியில் ஒரு பொன்னான காலைப் பொழுதில், சேலத்து மைதானத்தில்..." (வேண்டாம். அன்று நான் ஏழாம் வகுப்பு. ஊரிலேயே இருந்தேன். காலை எப்படி இருந்ததென்று தெரியாது.)

"வேகப்பந்து வீச்சாளர் ஹயாத் பாஷா ஆறடி உயரம், அகன்ற..." (பொய். என் காது உயரம்தான் இருப்பார். வேகமும் சுமார். சைக்கிள் கடை வைத்திருக்கிறார். வெள்ளைச் சட்டையில் எப்போதும் எங்காவது ஒரு கிரீஸ் கறை இருக்கும்.)

"1965இல் சேலத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது." (இது சரி. இங்கிருந்தே போகிறேன்.)

மாவட்டம் பிரிந்தது, கிரிக்கெட் பிரியவில்லை. ஆட ஆசைப்பட்டவர்கள் சேலத்துக்குப் பஸ் ஏறி, தேர்வில் பந்து போட்டுக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தார்கள். ஹயாத் பாஷா மாவட்டம் பிரியும் முன்பிருந்தே நான்கு வருடம் போய் நான்கு வருடமும் திரும்பி வந்தவர்.

1967இல் அப்பா பதினொரு பேரைச் சேர்த்தார். ஆபீஸ் குமாஸ்தாக்கள் பாதி. கடத்தூரில் கரும்பு போட்டிருந்த ஆண்டி, ஹயாத் பாஷா, இன்னும் சிலர். மாவட்டப் போட்டியை நடத்தியவர்கள் அனுமதி கொடுத்து ஒரு நிபந்தனையும் வைத்தார்கள். இரண்டு சீசனில் ஒரு மேட்சாவது ஜெயிக்க வேண்டும். இல்லாவிட்டால் அணியைக் கலைத்துச் சேலத்தோடு சேர்த்துவிடுவார்கள்.

இரண்டாவது சீசனின் கடைசி மேட்ச் வரை ஒன்றும் ஜெயிக்கவில்லை. கடைசி மேட்ச் சேலத்தோடு, சேலத்தில்.

குமாஸ்தாக்களுக்குத் தோற்றால் திங்கட்கிழமை ஆபீஸ் இருந்தது. ஆண்டிக்குக் கரும்பு. ஹயாத் பாஷாவுக்கு அப்போது வயது இருபத்தொன்பது. சேலத்துத் தேர்வுக்கு ஐந்தாவது முறை போக அவர் தயாராக இல்லை. அணி கலைந்தால் அவருடைய கிரிக்கெட் அன்றோடு சரி.

3

(இந்தப் பகுதி ஆண்டி மாமா சொன்னது. அவர் கூட்டித்தான் சொல்வார். ஹயாத் பாஷாவுக்கு எட்டு விக்கெட் என்றார். ஏழு என்று திருத்தியிருக்கிறேன்.)

நாங்கள் முதலில் ஆடி அறுபத்தொன்றுக்குச் சுருண்டோம். பந்து நினைத்ததற்கு முன்னால் வந்து சேர்ந்தது. "நம்மூருல மட்டைய ஓங்கி, ஒரு யோசனை பண்ணி அடிக்கலாம். அங்க ஓங்கறப்பவே ஸ்டம்பு பின்னால கெடக்குது" என்றார் ஆண்டி மாமா.

சேலம் இரண்டு விக்கெட்டுக்கு நாற்பது. மைதானத்தின் ஓரத்தில் அவர்களுடைய ஆட்கள் சாப்பாட்டுக் கேரியரைத் திறக்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்பா பந்தை ஹயாத் பாஷாவிடம் கொடுத்தார். தேர்விலேயே அவரைத் தெரிந்துவைத்திருந்த பேட்ஸ்மேன் ஒருவர், மட்டையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"என்ன பாய், கடைய யார் பாத்துக்கறாங்க?"

"பூட்டிட்டுத்தாங்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு ஓடி வந்து போட்டார்.

பந்து அந்த பேட்ஸ்மேனின் பூட்ஸ் நுனியில் விழுந்து நடு ஸ்டம்பைச் சாய்த்தது. அடுத்தவருக்கும் காலடியில். அதற்கடுத்தவர் முன்னால் வந்தார், பந்து மட்டைக்கு அடியில் போயிற்று. காலைத் தூக்கினவருக்குக் காலே இல்லாத இடத்தில் போயிற்று. ஐந்து பேர் போல்டு, இரண்டு பேர் எல்பி. பாஷாவின் ஏழாவது விக்கெட் விழும்போது சாப்பாட்டுக் கேரியரை மூடிவிட்டார்களாம்.

கடைசி ஆள் ரன் அவுட், சேலம் ஐம்பத்துநான்கு. தருமபுரி ஏழு ரன்னில் ஜெயித்தது.

சாயங்காலம் திரும்பி வந்த லாரி அதியமான்கோட்டையிலேயே நின்றுவிட்டது. நாங்கள் நடந்தே ஊருக்குள் போகிறோம் என்று எல்லாரும் குதித்து இறங்கினார்கள். தோளில், பிட்ச்சில் விரிக்கும் மேட் சுருட்டியபடி, கையில் ஸ்டம்பு. எதிரில் வந்தவர்கள் என்ன விசேஷம் என்று கேட்டுக் கூடவே திரும்பி நடந்தார்கள். பஸ் ஸ்டாண்டு வரும்போது இருநூறு பேர். இந்த இடத்தை மட்டும் நான் கண்ணால் பார்த்தேன். ஹயாத் பாஷாவைத் தூக்கியிருந்தார்கள். அவ்வளவு உயரத்தில் அவரை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும்.

4

முடியவில்லை. அதே வருடக் கடைசியில், அடுத்த சீசனில், சேலத்து அணி இங்கே ஆட வந்தது. கூட வந்த அம்பயர் இரும்பு டேப்பை எடுத்து எங்கள் பிட்ச்சை அளந்தார். இருக்க வேண்டியது அறுபத்தாறு அடி. இருந்தது எழுபது.

இது எப்படி என்றால், எங்கள் பிட்ச்சை அப்பா டேப் வைத்து அளக்கவில்லை. நிலம் அளக்கும் செயின் ஒன்று நூறு கண்ணி, அறுபத்தாறு அடி. கிரிக்கெட் பிட்ச்சும் அதே அறுபத்தாறு அடி. செயினை ஸ்டம்பிலிருந்து ஸ்டம்புக்கு இழுத்தால் வேலை முடிந்தது. ஆபீஸில் கழித்துப்போட்ட ஒரு செயினைக் கேட்டு வாங்கி வந்து இழுத்தார். சர்வேயர்கள் செயினை நம்புவார்கள். யாரும் கண்ணியை எண்ணுவதில்லை.

ஆக, எங்கள் ஆட்கள் இரண்டு வருடம் எழுபது அடியில் பழகியிருக்கிறார்கள். பந்து தாமதமாக வந்து பழகிய மட்டைகள் சேலத்தில் திணறின. தூரமாகக் குத்திப் பழகிய பந்து சேலத்தில் காலடியில் விழுந்தது.

அன்றிலிருந்து நாங்கள் தப்பாக அளந்து ஜெயித்தவர்கள். அதற்குப் பிறகு பன்னிரண்டு மேட்ச் ஜெயித்தாயிற்று. இரண்டு முறை அரையிறுதி. ஆனாலும் எங்கே போனாலும் யாராவது ஒருவர், "காளியப்பன் சார், இன்னைக்கு செயின் கொண்டாரலீங்களா?" என்பார். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஹயாத் பாஷா சிரித்து நான் பார்த்ததில்லை. தன் ஏழு விக்கெட்டும் ஒரு பழைய இரும்புச் செயினின் புண்ணியம் என்று கேட்டுக்கொண்டு எட்டு வருடமாக நிற்கிறார்.

5

மலருக்கு எழுதும்போது இதை "தேய்ந்த செயினால் நேர்ந்த பிழை" என்று எழுதினேன். எழுதிய கை நின்றுவிட்டது.*

இரண்டு முடிவுகள் யோசித்து வைத்திருந்தேன்.

அ. செயின் தேய்ந்து நீண்டது. அதிர்ஷ்டம் ஜெயித்தது.

ஆ. அப்பா அளக்கும்போது எங்கோ தவறினார். அப்பாவின் அசட்டை ஜெயித்தது.

இரண்டையும் அடித்துவிட்டேன்.

* ஒரு செயினில் உரசித் தேயும் இடங்கள் ஏறத்தாழ எண்ணூறு. ஒவ்வொன்றும் நூறில் ஒரு அங்குலம் தேய்ந்தாலும் மொத்தம் எட்டு அங்குலம்தான் நீளும். நான்கு அடி என்பது நாற்பத்தெட்டு அங்குலம். ஒரு கண்ணியின் நீளம் 7.92 அங்குலம். வகுத்துப் பார்த்தேன். கிட்டத்தட்டச் சரியாக ஆறு வந்தது. தேய்மானம் இப்படி முழு எண்ணில் வராது.

6

செயின் இப்போது இல்லை. பழைய இரும்புக்குப் போய்விட்டது. அப்பாவிடம், அது வரும்போதே அப்படித்தான் இருந்ததா என்று கேட்டேன். ரெண்டு துண்டாக அறுந்து வந்தது, ஒட்டி வாங்கினேன் என்றார். எங்கே என்று கேட்டேன்.

"வேற எங்க, நம்ம பாஷா கடையிலதான். காசுகூட வாங்கல."

சொல்லிவிட்டுப் பேப்பரைப் புரட்டினார். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. எனக்கு அந்த ஆறு கண்ணி தோன்றியது.

இது நடந்தது முதல் நாள். மீதிப் பத்து நாளும் கடைக்கு எதிர்ப்பக்கமாகவே நடந்து போனேன்.

7

இன்று காலை கடை வாசலில் போய் நின்றேன். அவர் ஒரு சக்கரத்தைத் தொங்கவிட்டுக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன கண்ணு, பஞ்சரா?"

என்னிடம் சைக்கிளே இல்லை. அவரும் அப்புறம்தான் கவனித்தார்.

"பாஷா மாமா, அந்த செயின... அத நீங்க ஒட்டுறப்ப..."

சக்கரம் சுற்றி நின்றது. அப்பா அனுப்பினாரா என்று கேட்டார். இல்லை என்றேன். மலருக்கா என்றார். மலர் அச்சுக்குப் போய்விட்டது, எனக்காகத்தான் கேட்கிறேன், ஆறு என்று கணக்கு வருகிறது என்றேன்.

அவர் சிரித்தார். முதல் தடவையாகப் பார்த்தேன். கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். சேலத்தில் நான்கு தடவையும் ஒரே குறைதான் சொன்னார்களாம். பந்து பாதியிலேயே குத்துகிறது, கை நீளவில்லை என்று. அடித்துத் திருத்த முடியாத இரும்பு கிடையாது என்று தன் கையைப் பற்றியும் நினைத்தாராம்.

அவர் அடுத்துச் சொன்னதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். இதை அப்பாவிடம் சொல்வதா, சேலத்துக்குக் கேட்கும்படி சொல்வதா, எட்டு வருடச் சிரிப்புக்கு இனி யார் பதில் சொல்வது, எல்லாவற்றையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

"உங்கப்பா அளந்ததுல தப்பே இல்ல கண்ணு. நாந்தான் ஆறு கண்ணி கூட அடிச்சு சேத்தேன். தெரிஞ்சேதான் சேத்தேன்."